மூன்றாவது எட்டு மணி நேரம்: ஆடுகளம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

இரவை யாமம் யாமமாகப் பிரித்துச் சொல்லும் பாட்டு மதுரைக்காஞ்சி. வணிகர் கடையடைத்து உறங்குவது, திருவிழாவில் ஆடிய கூத்தர் ஓய்ந்து படுப்பது, கள்வர் கிளம்புவது, அவர்களைத் தேடிக் காவலர் திரிவது என்று இரவின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மனிதக் கூட்டத்தை அது ஒதுக்கி வைத்திருக்கிறது. ஓசூரில் யாமக் கணக்கு கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிப்டு, செகண்ட் ஷிப்டு, நைட் ஷிப்டு, அவ்வளவுதான். கூத்தருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தென்பெண்ணையின் குறுக்கே நிற்கிறது கெலவரப்பள்ளி அணை. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிந்து வரும் கழிவு இந்த ஆற்றில் கலந்து, அணைப் பக்கம் வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகள் படம் போட்டு வருகின்றன. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெருநகரத்தின் கழிவு எல்லை தாண்டி வந்துவிடுகிறது. அதன் சனிக்கிழமை இரவு வருவதில்லை. அங்கே கிளப்புகளில் ஹவுஸும் சோலும் ஹிப்-ஹாப்பும் ஒலிக்கிற நேரத்தில், இங்கே சிப்காட் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் ஒரு ஷிப்டை இறக்கி இன்னொரு ஷிப்டை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஜன்னலோரம் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன் முன்சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கிட்டே போறான். அவன் கேட்கிற தமிழ் ராப்புக்கும் பெங்களூரு கிளப்பில் ஒலிப்பதற்கும் வேர் ஒன்றுதான்.

இந்த இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். இடதுசாரித் தோழர் 'பூர்ஷ்வா சீரழிவு' என்பார். தமிழ்ப் பண்பாட்டுக் காவலர் 'மேனாட்டுக் குப்பை' என்பார். இந்துத்துவர் சொல்லிவிட்டு நிற்கமாட்டார், உள்ளே புகுந்து அடிப்பார். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிற இந்த மூவரும் ஆடுகளத்தைக் கண்டதும் ஒரே வரிசையில் நிற்பது எப்படி? இந்தக் கேள்விதான் இக்குறிப்புகளை எழுதவைத்தது. கிளப் இசை என்று நாம் ஒதுக்குகிற இசை எந்தத் தெருவில், யார் கையில் பிறந்தது என்று பார்த்தால், ஷிப்டு முடிந்த தொழிலாளியின் வரலாற்றில் போய் நிற்கிறோம்.

2

டெட்ராய்ட்டிலிருந்து தொடங்கலாம். கறுப்பினத் தேவாலயங்களின் குரலை எடுத்து உலகியல் காதலுக்குக் கொடுத்தது சோல் இசை. அதை நாடெங்கும் கொண்டுபோன மோட்டவுன் நிறுவனத்தைத் தொடங்கியவர் பெர்ரி கோர்டி. 1950களில் லிங்கன்-மெர்குரி கார் ஆலையின் அசெம்பிளி லைனில் நின்றவர் அவர். 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனி ஆரம்பித்தார். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியேறும் அந்த முறையையே பாட்டுக்கும் பொருத்தினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் சிலர், பாடுபவர் வேறு, கடைசியில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம். ஆலையின் மற்ற வழக்கங்களும் கூடவே வந்தன. நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர்கள் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை. பெயரில்லாமல் உழைப்பது லைனில் நிற்பவனின் விதி என்றால் ஸ்டுடியோவிலும் அதே கதைதான்.

'அசெம்பிளி லைன் இசை என்றால் அது ஆளை அசெம்பிளி லைனுக்குத்தானே பழக்கும்?' அடோர்னோ 1941இல் எழுதிய கட்டுரையின் வாதம் ஏறக்குறைய இதுதான். வெகுஜன இசையின் ஒரே மாதிரியான தாளம் உழைத்துக் களைத்தவனை மறுபடி உழைப்புக்குப் பக்குவப்படுத்துகிறது என்கிறார். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் டெட்ராய்ட்டில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1967 ஜூலை 23 அதிகாலை, பன்னிரண்டாம் தெருவில் உரிமமில்லாத பின்னிரவு மதுக்கூடம் ஒன்றில் போலீஸ் நுழைந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு கறுப்பினப் படைவீரர்களுக்காக அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த எல்லோரையும் கைது செய்தார்கள். தெரு திரண்டது. ஐந்து நாள் எழுச்சி, 43 சாவு. மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் 1964இல் பாடிய 'டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்' வெறும் ஆட்டப் பாட்டு. அதைக் கலகத்துக்கான அழைப்பாகக் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அடுத்த ஆண்டு டாட்ஜ் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு புரட்சிகர சங்கம் கட்டினார்கள். பாட்டு சங்கத்தை உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே தெருவில், ஒரே ஷிப்டு முடிந்த இரவுகளில் வளர்ந்தவை என்கிறேன்.

3

ஆலை இருந்த ஊரின் இசை சோல் என்றால், ஆலை போன ஊரின் இசை ஹிப்-ஹாப். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் வழியே விரைவுச்சாலை போட்டுக் குடியிருப்புகளைப் பிய்த்தெறிந்தார்கள். தொழிற்சாலைகள் கிளம்பிப் போயின. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொது அறையில் சிண்டி காம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கப் போகிறது, துணி எடுக்கக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த அவள் அண்ணன், டி.ஜே. கூல் ஹெர்க், இசைத்தட்டுப் போட்டான். பாட்டு நின்று தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளுக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவன் அவன். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு ரெக்கார்டு பிளேயர்களில் மாற்றி மாற்றிப் போட்டு அந்தச் சில நொடியைச் சில நிமிடமாக நீட்டினான். ஹிப்-ஹாப் இதன்மேல் எழுந்தது. புதிதாக ஒரு ஸ்வரம்கூட வாசிக்கப்படவில்லை. ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த சரக்கை உடைத்து, தனக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொள்வது. கட்டுடைப்பு என்று நாம் தத்துவ நூல்களிலிருந்து கற்றதை அந்தப் பையன் கைப்பழக்கமாகச் செய்துகொண்டிருந்தான்.

ஹவுஸின் கதை சிகாகோவில். 1977இல் தெற்கு ஜெபர்சன் தெரு 206ஆம் எண்ணில், பழைய தொழிற்கட்டடம் ஒன்றில், 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் திறந்தது. டி.ஜே. ஃபிராங்கி நக்கிள்ஸ். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஒருபால் விருப்பினர். வெள்ளையர் கிளப்புக்கும் சொந்தத் தேவாலயத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட உடல்கள். கிளப்பின் பெயர் சுருங்கி இசையின் பெயரானது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1979 ஜூலை 12 அன்று அதே நகரின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் காட்டினார். கூட்டம் மைதானத்தில் பாய்ந்தது. டிக்கெட் சரிபார்க்கும் வேலையில் அன்று அங்கிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வெடிக்கக் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் ஏராளம் என்று பின்னாளில் சொன்னார். சில ஆண்டுகளில் அவரே ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேர்ஹவுஸ் இருந்த இடத்திலிருந்து ஹேமார்க்கெட் நடந்தே போகிற தூரம். 1886 மே 4 அன்று எட்டு மணி நேர வேலைக்கான கிளர்ச்சியில் குண்டு வெடித்த அதே ஹேமார்க்கெட். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மிச்ச எட்டு மணி நேரம் எங்களுக்கு என்று அந்த இயக்கம் கேட்டது. 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோது அந்தக் கோரிக்கை நமதும் ஆனது. முதல் எட்டைப் பற்றி நம் இயக்கங்கள் நூலகம் நூலகமாக எழுதிவிட்டன. மூன்றாவது எட்டில் தொழிலாளி என்ன செய்வான்? படிப்பான், சங்கக் கூட்டத்துக்கு வருவான் என்று எழுதி வைத்தோம். அவன் ஆடவும் ஆசைப்படலாம் என்பது நம் திட்டத்தில் இல்லை.

4

கருவி பற்றி ஒரு குறிப்பு. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியையும் டி.பி-303 என்ற பேஸ் கருவியையும் விற்பனைக்கு விட்டது. பேஸ் கிதார்காரர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் 303. அது பேஸ் கிதார் போலவே ஒலிக்கவில்லை. யாரும் வாங்கவில்லை, உற்பத்தி நின்றது, பழைய சாமான் கடைக்கு மலிவாக வந்தது. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதன் திருகுகளைத் தாறுமாறாகத் திருகியபோது கிளம்பிய நெளிவுச் சத்தத்திலிருந்து 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்துதான்.

ஆனால் பம்பாயில் சரண்ஜித் சிங் இதே இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு 1982இல் பைரவ், லலித், மேக், யமன் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துவிட்டார். இந்திப் படங்களின் வாத்தியக்குழுவில் கிதார் வாசித்துப் பிழைத்தவர். எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டு விற்கவில்லை. 2010இல் ஐரோப்பாவில் மறுவெளியீடு வந்தபிறகு, ஆசிட் ஹவுஸை முதலில் கண்டவர் இந்தியர் என்று நம் பத்திரிகைகள் புல்லரித்தன. சிகாகோ இளைஞர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்று இல்லை. அவருக்குக் கருவியும் ராகமும் கைத்திறனும் இருந்தன. ஆட வருகிற கூட்டமும், அது கூடுவதற்கொரு இடமும், ஒரு சனிக்கிழமை இரவும் இல்லை. ஆடுகளம் இல்லாத ஊரில் ஆட்ட இசை பிறந்தாலும் பிழைக்காது. 'முதலில் கண்டது யார்' என்ற தேசியப் பெருமைக் கதையாடல் மறைத்துவிடுவது இதைத்தான்.

5

ஆடுகளத்தை யார் தடுக்கிறார்கள்? நியூயார்க்கில் 1926இல் ஒரு சட்டம் வந்தது. சாப்பாடும் மதுவும் விற்கும் இடத்தில் ஆட வேண்டுமானால் தனி உரிமம் வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடிய ஹார்லம் ஜாஸ் கூடங்களைக் குறிவைத்த சட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 2017இல்தான் ரத்தானது. பிரிட்டனில் 1994இல் வந்த குற்றவியல் சட்டம் திறந்தவெளி ஆட்டக் கூட்டங்களைத் தடுக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் தாளத்தையே சட்ட வாசகமாக்கியது. ஒரு நாடாளுமன்றம் தாளத்துக்கு இலக்கணம் எழுதியது! நம்ம தொல்காப்பியர்கூட அந்த வேலைக்குப் போகவில்லை.

நம் பக்கம் வருவோம். மகாராஷ்டிரா 2005இல் டான்ஸ் பார்களைத் தடை செய்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு. பெண்ணின் மானம் பற்றிப் பேசிய சட்டம், நட்சத்திர எண்ணிக்கை கூடினால் மானத்துக்கு ஆபத்தில்லை என்றது. இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டி 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அதே 2005இல் பெங்களூருவில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான உரிம ஆணை வந்தது. 2008இல் அதை வைத்துக் கிளப்புகளில் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஐ.டி. நகரத்தின் இளைஞர்கள் இசை ஒலிக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த விசித்திரக் காலம் அது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. இடையில் 2009 ஜனவரி 24 அன்று மங்களூரு பப் ஒன்றில் புகுந்த ஸ்ரீராம சேனை ஆட்கள் அங்கிருந்த பெண்களை அடித்துத் துரத்தினார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. உரிமச் சட்டம் மெதுவாகச் செய்வதைச் சேனை அவசரமாகச் செய்தது.

தமிழ்நாட்டில் கிளப் குறைவு, அதனால் சிக்கல் குறைவு என்று நினைக்க வேண்டாம். இங்கே அது ஊர்த் திருவிழாவின் ஆடல் பாடல் நிகழ்ச்சி. ரெக்கார்ட் டான்ஸ் என்று அம்மாக்கள் முகம் சுளித்த அதே சங்கதி. ஒவ்வொரு கொடைக் காலத்திலும் அதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுக்கள் குவிகின்றன. ஆபாச ஆட்டம் கூடாது, சாதியையோ கட்சியையோ உயர்த்திப் பாட்டுக் கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். சில நிபந்தனைகளில் நியாயம் இருக்கிறது. சாதிப் பெருமைப் பாட்டு ஒலித்த மேடைகளிலிருந்து வெட்டுக்குத்து கிளம்பியிருக்கிறது, மேடையில் ஆடுகிற பெண்ணின் பாதுகாப்பும் விளையாட்டு இல்லை. ஆனால் சபாக் கச்சேரிக்காரர் எவராவது தான் ஆடப்போவது ஆபாசமல்ல என்று இப்படி முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியிருக்கிறதா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆட்டத்துக்கு அரங்கின் நீள அகலம்வரை விதி சொல்கிறது. ஆய்ச்சியர் குரவை மாட்டுத்தொழுவத்துப் பெண்கள் கைகோத்து ஆடிய ஆட்டம். அளந்த அரங்குக்கு ஒரு நியாயம், மந்தைக்கு ஒரு நியாயம் என்ற பிளவு நமக்குப் புதிதல்ல.

6

தமிழ் ராப்பின் முதல் தெரு தமிழ்நாட்டில் இல்லை. 1993இல் 'சிக்கு புக்கு ரயிலே', 1994இல் 'பேட்டை ராப்' என்று சினிமா அதன் சாயலைத் தொட்டது உண்மைதான். ஆனால் தன் வாழ்வைத் தானே சொல்லும் ராப் மலேசியாவில் வேர்விட்டது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது, அங்கிருந்து பிடுங்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நகர விளிம்புக்கு வந்தன. பிராங்க்ஸின் கதையை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. போயட்டிக் ஆமோ குழுவில் தொடங்கிய யோகி பி, நட்சத்திராவோடு 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அவர்கள் செய்தது ஹெர்க் செய்ததன் தொடர்ச்சி. அம்மா அப்பாவின் பாட்டைக் கேட்டு, தனக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நின்று தன் பேச்சைப் பேசுவது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2010களின் தொடக்கத்தில் இணையம் வழியாக வெடித்த முதல் பெரிய ராப் வெற்றி ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல'. கிளப்பில் குடித்து ஆடுகிற பெண்ணைப் பார்த்துப் பண்பாடு போச்சே என்று அங்கலாய்க்கிற பாட்டு. பெண்ணியவாதிகள் அப்போதே கண்டித்தார்கள். எனக்கு இதன் வரலாற்று வினோதம் முக்கியமாகப் படுகிறது. கிளப்பில் பிறந்த தாளம் தமிழுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், கிளப்பின் வாசலில் காவலுக்கு நின்றது! தாளத்தில் பிராங்க்ஸ், பொருளில் மங்களூரு. ஒரு வடிவம் விளிம்பிலிருந்து வந்தது என்பதாலேயே அதன் குரல் விளிம்பின் குரலாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வேறு வழியும் திறந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. சாவு வீட்டுக்கு ஒதுக்கிய கானாவும் பறையும் ராப்போடு ஒரே மேடையில் நின்றன. அந்தக் குழுவின் அறிவு எழுதிப் பாடி, 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நிலமற்ற வாழ்விலிருந்து எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அந்தப் பாட்டின் புகழைப் பேசிய இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. உறையில் பெயர் இல்லாத ஃபங்க் பிரதர்ஸின் நினைவு வராமல் இதை எப்படிப் படிப்பது?

7

மறுபடி ஓசூர். 1970களில் சிப்காட், 1980இல் அசோக் லேலண்ட், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50, அடுத்த சில ஆண்டுகளில் டைட்டன். லாரி, மொபெட், கைக்கடிகாரம். நாட்டுக்கே நேரம் காட்டும் கருவி செய்த ஊரில் தொழிலாளியின் நேரம் மட்டும் அவன் கையில் இல்லை. ஆலையும் கடிகாரமும் சேர்ந்து மனித உடலுக்குப் புதியதொரு காலத்தை எப்படிக் கற்பித்தன என்று ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் நீக்கியது. சமத்துவத்தின் பெயரால் வந்த தீர்ப்பு, வரவேற்க வேண்டியது. இன்று கெலமங்கலம் பக்கத்து மின்னணு ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், ஜார்க்கண்ட் போன்ற தொலைதூர மாநிலத்தவர் உட்பட, ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறார்கள். ஆலைப் பேருந்தில் வந்து விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள். இரவு அவர்களுக்குத் திறந்துவிட்டது உண்மை. எந்த வாசல் வழியாக? வேலைக்குப் போகும் வாசல் வழியாக மட்டும். அதிகாலை இரண்டு மணிக்கு லைனில் நிற்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பும் வண்டியும் ஏற்பாடாகிறது. அதே பெண் இரவு பத்து மணிக்குத் தோழிகளோடு ஆட ஓர் இடம் கேட்டால் அது ஒழுக்கப் பிரச்சினை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுக்கவே மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று நாம் காப்பாற்றியது மூன்றாவது எட்டு மணி நேரத்தைத்தான். காப்பாற்றியதை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெலவரப்பள்ளி அணைக்கரையில் ஏழெட்டுப் பையன்கள் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் கலந்த பாட்டு, கலந்த பேச்சு. 'எந்த கம்பெனி தம்பி?' என்று கேட்டதற்கு நாலு கம்பெனிப் பெயர் வந்தது. 'நைட்டு ஷிப்டுண்ணே, அதான் இப்பவே ஆடிக்கிறோம்' என்றான் ஒருத்தன். பெண் ஒருத்திகூட இல்லை.

கிளப் திறந்தால் விடுதலை வந்துவிடும் என்று சொல்லுகிற கட்டுரை இல்லை இது. பெங்களூருவின் கிளப் வாசலில் நுழைவுக்கு வாங்குகிற காசு இந்தப் பையன்களின் பல நாள் கூலி. வேர்ஹவுஸின் பிள்ளையான இசை இன்று அந்த வாசலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது சீரழிவு பற்றிய நம் பழைய மனப்பாடத்தை விட்டால்தான் முடியும். வருகிற மே தினத்திலும் ஊர்வலம் போவோம், உரை கேட்போம், கலைக்குழு மேடையில் பறையடிக்கும், தொழிலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவான். அந்த நாற்காலிகளை ஒரு மணி நேரம் ஓரமாக அடுக்கிவைக்க நம் சங்கங்கள் தயாரா? நைட் ஷிப்டுப் பெண்களும் அங்கே பயமில்லாமல் வந்து நிற்க முடியுமா?